வாலக்கா வராத முனை

ஒரு மோட்டார் சைக்கிளின் சங்கிலியைத் துடைத்து எண்ணெய் போட எவ்வளவு நேரம் ஆகும்? கை பழகியவருக்குக் கால் மணி நேரம். அதே வேலையை மோட்டார் சைக்கிள் சங்கத்து உறுப்பினர் ஒருவரோடு சேர்ந்து செய்து பாருங்கள். மாலை முழுக்கப் போதாது. ஏனென்றால் அந்தச் சங்கிலியில் ஒட்டியிருக்கும் ஒவ்வொரு துளி மண்ணுக்கும் ஓர் ஊர் உண்டு, அந்த ஊருக்கு ஒரு வளைவு உண்டு, அந்த வளைவில் எதிரே வந்த லாரி ஒன்று உண்டு, அந்த லாரிக்கும் தனக்கும் நடுவே இவ்வளவுதான் இடம் இருந்தது என்று காட்ட ஒரு சுண்டுவிரல் உண்டு. அந்தச் சுண்டுவிரல் கீழே இறங்கும்வரை துணி நகராது.

நானும் அம்மாவும் கடைசியாகச் சேர்ந்து செய்த வேலை அதுதான். வண்டி நடு ஸ்டாண்டில் நின்றது. அம்மா பின்சக்கரத்தைச் சுற்றினாள், நான் துணியைப் பிடித்தேன். பாதிச் சங்கிலிதான் துடைத்தோம்.

சங்கத்துச் சவாரிக்காரர் என்ற இந்த இனத்தை உங்களுக்குத் தெரியும். உங்கள் அலுவலகத்தில் ஒருவர் இருக்கிறார். திங்கட்கிழமை காலையில் முகம் கறுத்து, உதடு வெடித்து, மூக்கின்மேல் கண்ணாடித் தடத்தோடு வந்து, ஹெல்மெட்டைக் கீழே வைக்காமல் மேசைமேல் எல்லோருக்கும் தெரியும்படி வைத்துவிட்டு, "அப்பப்பா, இடுப்பு" என்று சொல்லி நிறுத்துவார். அது வலி அல்ல. அழைப்பு. இரக்கப்பட்டு "என்ன சார் ஆச்சு?" என்று கேட்டீர்களானால் அன்றைய காலை உங்களுடையது அல்ல.

மற்றவர்கள் ஓரிடத்துக்குப் போவதற்காக வண்டி ஓட்டுவார்கள். இவர்கள் வண்டி ஓட்டுவதற்காக ஓரிடத்தைக் கண்டுபிடிப்பார்கள். நானூறு பேர் நானூறு வண்டிகளில் ஒரு மைதானத்துக்குப் போய், ஒருவர் வண்டியை ஒருவர் சுற்றி வந்து பார்த்து, "சைலன்சர் மாத்திட்டீங்களா?" என்று கேட்டு, ஒரே மாதிரி பொட்டலத்தில் ஒரே மாதிரி சாப்பிட்டுவிட்டுத் திரும்பி வருவதற்குப் பேரணி என்று பெயர். போனது பாதி. திரும்பி வந்து சொல்வதுதான் மீதி. இல்லை, தப்பு. போனது கால், சொல்வது முக்கால்.

சொல்லும்போது இவர்கள் நாற்காலியில் உட்காருவதில்லை, நாற்காலியை ஓட்டுகிறார்கள். வலது மணிக்கட்டு தானாக முறுக்கும். வளைவு வந்தால் உடம்பு சாயும். பிளாஸ்டிக் நாற்காலியின் ஒரு கால் தூக்கும். தேநீர்க் கோப்பை இவருடைய வண்டி, பிஸ்கட் எதிரே வரும் லாரி, உங்கள் கைப்பேசி பள்ளத்தாக்கு. தூறல் என்பது இவர்கள் அகராதியில் கிடையாது, மழை கொட்டும். நாய் குறுக்கே வராது, பாயும். ஒவ்வொரு தடவை சொல்லும்போதும் வளைவு இன்னும் கொஞ்சம் வளையும். நடுநடுவே மூன்று வசனங்கள் வரும்: "ரோடுன்னா அது ரோடு!" "அதெல்லாம் போட்டோவுல தெரியாது." அப்புறம், உங்களைப் பரிதாபமாகப் பார்த்து, "நீங்க அன்னைக்கு வந்திருக்கணும்."

நான் லிப்ட் பரிசோதிக்கும் பொறியாளர். கம்பிவடம், பிரேக், கதவு. மேலே போகும், கீழே வரும். லிப்ட்டில் ஏறியவர் யாரும் இறங்கியதும் அனுபவம் பகிர்வதில்லை. அந்த ஒழுங்கு எனக்குப் பிடிக்கும். ஆனால் வளர்ந்தது இந்த இனத்தாரின் நடுவில். எங்கள் வீட்டில் நாங்கள் இருவர்தான்: நானும் அம்மாவும். அம்மா ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவள். வாரம் முழுக்க "மூச்சை இழுங்க, அப்படியே பிடிங்க, விடுங்க" என்று சொல்லிவிட்டு, ஞாயிற்றுக்கிழமை சங்கத்தோடு கிளம்பிவிடுவாள். சங்கத்தில் அவள் பெயர் வாலக்கா.

காரணம் சொல்கிறேன், கொஞ்சம் பொறுங்கள். கூட்டமாகப் போகிறவர்களுக்கு ஒரு முறை உண்டு. முன்னால் ஒருவர் வழி காட்டிப் போவார். ஒரு திருப்பம் வந்தால், அவருக்கு அடுத்து வருபவர் அந்த முனையில் நின்றுவிட வேண்டும். பின்னால் வருகிற எல்லோருக்கும் கையைக் காட்டி வழி சொல்ல வேண்டும். எல்லோருக்கும் கடைசியில் மஞ்சள் சட்டை போட்ட ஒருவர் வருவார். அவர்தான் வால். அவர் இரண்டு தடவை ஹாரன் அடித்தால் முனையில் நிற்பவருக்கு விடுதலை. அதுவரை அவர் நகரக்கூடாது. மழை பெய்தாலும் நகரக்கூடாது, வெயில் பிளந்தாலும் நகரக்கூடாது. யார் வண்டி நின்றாலும் வால் நிற்பார். யாரையும் விட்டுவிட்டுப் போகமாட்டார். தலைகளை எண்ணுவதும் அவர்தான்.

முன்னால் போக எல்லோரும் அடித்துக்கொள்வார்கள். வாலுக்கு ஆள் கிடைக்காது. அம்மா கேட்டு வாங்கிக்கொண்டாள். "முன்னாடி போறவனுக்கு ரோடுதான்டீ தெரியும். கடைசியா போறவளுக்குத்தான் எல்லாம் தெரியும்" என்பாள். உண்மை. யாருடைய கையுறை விழுந்தது, யாருடைய பெட்டி திறந்து உள்ளாடை பறந்தது, கூட்டத்தில் வீரம் பேசியவர் எந்த மாட்டைக் கண்டு வண்டியை விட்டு இறங்கினார், எல்லாம் அவளுக்குத் தெரியும். வீட்டுக்கு வந்து சொல்வாள். ஆனால் பெயர் சொல்லமாட்டாள். எல்லாரும் 'ஒருத்தர்'தான். "ஒருத்தர் இருந்தார்னு வெச்சுக்க" என்று ஆரம்பிப்பாள்.

சங்கிலி துடைத்த அன்றும் அப்படித்தான் ஆரம்பித்தாள். முந்தின நாள்தான் சவாரி போய் வந்திருந்தாள். "நேத்து ஒருத்தர் இருந்தார்னு வெச்சுக்க…" அதற்குமேல் முடியவில்லை. சிரிப்பு வந்துவிட்டது. மறுபடி ஆரம்பித்தாள், மறுபடி சிரிப்பு. "சொல்லும்மா, இல்லன்னா சக்கரத்தைச் சுத்து" என்றேன். அப்போது போன் அடித்தது.

நூலகர். சங்க உறுப்பினர், நேரம் தவறாதவர், விதி பிசகாதவர். முந்தின நாள் கடைசி முனையில் நின்றவர் அவர். எல்லோரும் போனார்கள். வால் வரவில்லை. அந்த இடத்தில் போனில் ஒரு கோடுகூடக் காட்டாது. அவர் நின்றார். கையை நீட்டியபடியே நின்றார். மத்தியானம் போய், வெயில் சாய்ந்து, அந்த வழியாகப் பாலுக்குப் போனவர்கள் பால் வாங்கிக்கொண்டு திரும்பியும் நின்றார். போன இடத்தில் மற்றவர்கள் சாப்பிட்டுவிட்டுக் கலைந்துவிட்டார்கள். எண்ணுவது வாலின் வேலை, வால்தான் வரவில்லையே. கடைசியில் அவர் மனைவி ஸ்கூட்டரில் தேடி வந்து, நடுரோட்டில் நாலு வார்த்தை கேட்டு, வீட்டுக்கு ஓட்டிக்கொண்டு போனார். அந்த நாலு வார்த்தையில் ஒன்று 'கம்பம்'. மறுநாளே அது அவர் பெயராகிவிட்டது.

அம்மா போனில் வாதாடவில்லை. "தப்பு என்னோடதுதான் சார். … ஆமாம் சார். … இல்லை, நானே வரேன். அதே முனையில நீங்க நில்லுங்க, நானே வந்து ஹாரன் அடிக்கிறேன். அப்பதான் கணக்கு நேராகும்." வைத்தாள்.

"என்னாச்சும்மா, நீ எங்க போன?" என்றேன்.

"போயிட்டு வந்து சொல்றேன்."

சொல்வதைத் தள்ளிப்போடுகிற சங்கத்து உறுப்பினரை நீங்கள் பார்த்ததுண்டா? நானும் பார்த்ததில்லை. ஆனால் அன்று எனக்கு அது உறைக்கவில்லை. எண்ணெய் தீர்ந்துவிட்டது, மீதிச் சங்கிலியை அடுத்த லீவில் துடைக்கலாம் என்று எழுந்துவிட்டோம்.

அந்த வாரமே, வேலை முடிந்து வந்து ஷூவைக் கழற்றக் குனிந்தவள் நிமிரவில்லை. இதயம் என்றார்கள்.

பைக்கில் அல்ல. இதைச் சொன்னபோது சங்கத்தார் முகத்தில் தெரிந்தது வருத்தம்தான். ஆனால் வருத்தம் மட்டும்தான் என்று என்னால் சான்றிதழ் தர முடியாது.

இரங்கல் கூட்டம் பேக்கரிக்கு மேல்மாடி அறையில் நடந்தது. பேக்கரிக்காரர் சங்கத்தின் செயலாளர். வண்டியின் மூன்று பக்கமும் பெட்டி மாட்டியிருப்பதால் அலமாரி என்று பெயர். கீழே அடுப்பு எரிய, மேலே எல்லோரும் வேர்வையோடு எழுந்து நின்று மௌனம் காத்தார்கள். சங்கம் தொடங்கிய நாள் முதல் அவர்கள் சேர்ந்து பேசாமல் இருந்தது அதுவே முதல் தடவை. பழக்கமில்லாத வேலை. பாதியிலேயே பின்வரிசையில் யாரோ "ஒரு தடவை நாங்க…" என்று ஆரம்பித்துவிட்டார்.

அதற்கப்புறம் கேட்கவா வேண்டும்? ஒவ்வொருவரும் அம்மாவைப் பற்றிப் பேசினார்கள். அதாவது அம்மா பின்னால் வந்துகொண்டிருந்தபோது முன்னால் தாங்கள் என்ன செய்துகொண்டிருந்தோம் என்று பேசினார்கள். "வாலக்கா மட்டும் இல்லன்னா நான் அன்னைக்கு அவ்ளோதான்" என்று தொடங்கி, அன்றைக்கு எந்த கியரில் இருந்தார், டயரில் எவ்வளவு காற்று, பாறை எந்தப் பக்கம் உருண்டது என்று போய், இறங்கும்போது வாலக்கா ஞாபகம் வந்து கண்ணைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தார் ஒருவர். அழுகை பொய்யல்ல. பாறையைப் பற்றிச் சொல்ல மாட்டேன்.

எனக்கு ஒன்று தெரிய வேண்டியிருந்தது. கடைசிச் சவாரியில் அம்மா ஏன் அந்த முனைக்கு வரவில்லை? நடுவில் நெஞ்சு வலித்ததா? எங்காவது தனியாக உட்கார்ந்திருந்தாளா? எழுந்து கேட்டேன்.

"பெரிய பாலம் தாண்டினதும் நான் கண்ணாடியில பார்த்தேன் பாப்பா. அருமையா வந்திட்டிருந்தாங்க" என்றார் அலமாரி. முப்பத்து நாலு வயதானாலும் சங்கத்துக்கு நான் பாப்பாதான்.

"உங்க கண்ணாடியில பெட்டிதான் தெரியும். நான் பார்த்தேன், மலைக்கிட்ட" என்றார் இன்னொருவர்.

"எந்த மலை? அந்த ரோட்ல மலையே இல்லையே."

"நாங்க போன வேகத்துக்கு உனக்கு எங்க தெரியப்போவுது?"

எல்லோரும் பார்த்திருந்தார்கள், எல்லோரும் கண்ணாடியில், எல்லோரும் வேறு வேறு இடத்தில். என் தொழிலில் இப்படி ஆளுக்கொன்று காட்டும் கருவிகளைக் கழற்றிப் போட்டுவிடுவோம்.

அப்போது நூலகர் எழுந்தார். கையைக் கட்டிக்கொண்டு, மெல்லிய குரலில், "அம்மாவை நான் மன்னிச்சுட்டேன்மா" என்றார்.

அறை உருகிவிட்டது. எனக்கு மட்டும் எரிந்தது.

அத்தோடு விட்டார்களா? அடுத்த மாதம் எல்லாச் சங்கங்களும் கூடும் பெரிய பேரணி. அங்கே மேடையில் ஏறி அனுபவம் சொல்லலாம், சிறந்த அனுபவத்துக்குக் கேடயம் உண்டு. எங்கள் சங்கத்தின் சார்பில் இந்தத் தடவை நூலகர்தான், தலைப்பு 'வால் வராத நாள்' என்று அங்கேயே முடிவாயிற்று. அவர் ஒத்திகையும் பார்த்துக் காட்டினார். அதில் மாலை இரவாகியிருந்தது. வெயில் மழையாகியிருந்தது. ஒரு நரி வந்து போயிற்று. ஆனால் இவ்வளவு மாற்றத்திலும் ஒன்று மட்டும் மாறவில்லை: வாலக்கா அவரை விட்டுவிட்டுப் போயிருந்தாள்.

இத்தனை வருடம் ஒரு ஆளைக்கூட வழியில் விட்டு வராதவள். இனி நானூறு பேர் முன்னால், வருடா வருடம், விட்டுவிட்டுப் போனவள். இந்த இனத்தாரிடம் ஒரு கதை ஒருமுறை மேடை ஏறிவிட்டால் அப்புறம் அதை இறக்க கிரேன் வைத்தாலும் முடியாது.

"மஞ்சள் சட்டையை மட்டும் குடுத்துடு பாப்பா. அடுத்த வாலுக்கு வேணும்" என்றார் அலமாரி, படியிறங்கும்போது, ஒரு பை நிறைய பன்னைக் கையில் திணித்து.

வீட்டில் தேடினேன். சட்டை இல்லை. பீரோவில் இல்லை, வண்டிப் பெட்டியில் இல்லை, துவைக்கிற துணியில் இல்லை. வண்டியை நகர்த்தலாம் என்று கிளப்பினேன். இருமிவிட்டு நின்றது. டேங்க்கைத் திறந்து பார்த்தேன். அடியில் ஈரம், அவ்வளவுதான். பாதிக்குக் கீழே இறங்கினாலே பெட்ரோல் பங்குக்குப் போய்விடுகிறவள் அம்மா. சவாரி அன்று காலையில் நிரப்பிக்கொண்டுதான் போனாள், பங்கு வரைக்கும் நான்தான் பின்னால் உட்கார்ந்திருந்தேன். அந்தத் தூரத்துக்கு அவ்வளவு தீராது. கணக்குப் போட்டுப் பார்த்தேன். தீரவே தீராது.

அப்புறம் இன்னொன்றும் உறைத்தது. கூட்டத்தில் எல்லோரும் பேசினார்கள். ஒருவர் பேசவில்லை.

சங்கத் தலைவர். பல் டாக்டர். மைலேஜ் என்று பெயர். இந்த இனத்தின் உச்சம் அவர். மற்றவர்கள் கதை சொல்ல ஆள் தேட வேண்டும். இவருக்கு ஆளே காசு கொடுத்துச் சாய்ந்து படுத்து வாயைத் திறந்துகொண்டு வருகிறார்கள். இடைமறிக்க முடியாது. எழுந்து போக முடியாது. கடைவாய்ப் பல்லைப் பிடுங்குவதற்குள் மூன்று பேரணி முடிந்துவிடும். தன் வண்டி ஒரு லிட்டருக்கு எவ்வளவு கொடுக்கிறது என்பது அவர் முக்கியப் பாட்டு. ஒவ்வொரு வருடமும் வண்டிக்கு வயது ஏறும், மைலேஜும் ஏறும். அப்படிப்பட்டவர், அம்மாவுக்கு நடந்த கூட்டத்தில், தலைமை நாற்காலியில், ஒரு வார்த்தை பேசாமல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஓடிக்கொண்டிருக்கும் இயந்திரம் திடீரென்று அமைதியானால் நிம்மதி அடையக்கூடாது. திறந்து பார்க்க வேண்டும்.

சங்கத்துப் போன் குழுவைத் திறந்தேன். அன்று மற்றவர்கள் போட்டதெல்லாம் வண்டிகள் வரிசையாக நிற்க, எல்லோரும் தூரத்தில் எதையோ வெறிக்கிற வழக்கமான படங்கள். தலைவர் ஒரே ஒரு படம் போட்டிருந்தார். ஒரு சின்னப் பாலத்தின் கைப்பிடிச் சுவர். வெறும் சுவர். அடியில் 'இயற்கை' என்று எழுதியிருந்தார். தன் வண்டி இல்லாமல் அவர் இதுவரை எதையும் படம் எடுத்ததில்லை. அவர் கல்யாணப் படத்திலேயே வண்டி உண்டு.

பல்வலி என்று சொல்லி நேரம் வாங்கினேன்.

"உக்காருங்கம்மா" என்றார். விளக்கை இழுத்தார்.

"போன சவாரி எப்படி இருந்தது டாக்டர்?"

"நல்லா இருந்தது."

இரண்டு வார்த்தை. மைலேஜிடமிருந்து.

"அந்தப் பாலத்துப் படம் பார்த்தேன். சுவர் நல்லாத்தான் இருக்கு. வண்டி எங்க?"

"வாயைத் திறங்க." திறந்தேன். ஒரு பஞ்சுச் சுருளை இந்தப் பக்கம் வைத்தார், இன்னொன்றை அந்தப் பக்கம் வைத்தார், உறிஞ்சும் குழாயை மாட்டினார். இனி என்னால் பேச முடியாது என்று உறுதியானதும் முக்காலியில் உட்கார்ந்தார்.

"பெட்ரோல் தீர்ந்துபோச்சும்மா."

கண்ணை மட்டும் விரித்தேன்.

"காலையில பங்க்ல எல்லாரும் போட்டாங்க. நான் போடலை. 'ஓட்டத் தெரிஞ்சவனுக்கு எதுக்குய்யா ரெண்டாம் தடவை'ன்னு எல்லார் முன்னாடியும் ஒரு கிளாஸ் எடுத்தேன். கடைசி முனைக்கு முன்னாடி, அந்தப் பாலத்துக்கிட்ட நின்னுபோச்சு. நான் என்ன செய்வேன்? எல்லாரும் வர்றாங்க. வண்டியை ஓரமா விட்டுட்டு, சுவரை போட்டோ எடுக்கிற மாதிரி நின்னேன். 'போங்க போங்க, லைட் நல்லா இருக்கு'ன்னேன். எவ்வளவு நேரந்தான் ஒரு சுவரை எடுக்கிறது? கடைசியா வாலக்கா வந்தாங்க. இறங்கினாங்க. என்னைப் பார்த்தாங்க, சுவரைப் பார்த்தாங்க. 'என்ன டாக்டர், சொத்தை ஏதும் இருக்கா?'ன்னாங்க."

பஞ்சு தொண்டைக்குள் போகப் பார்த்தது.

"சிரிக்காதீங்க, குழாய் இருக்கு. பெட்டியிலேர்ந்து ஆஸ்பத்திரி டியூப் ஒண்ணு எடுத்தாங்க. ஒரு நுனியை அவங்க டேங்க்ல விட்டாங்க. இன்னொண்ணை என் வாய்ல வெச்சு, 'மூச்சை இழுங்க… இழுங்க… வந்ததும் விடுங்க'ன்னாங்க. விடறதுக்குள்ள வாய் நிறைய பெட்ரோல். பல் டாக்டர் வாய்ல!"

எனக்கு ஒன்றே ஒன்று கேட்க வேண்டும். பஞ்சோடு கேட்டேன். "அ-ஐ-ஆ இ-உ-ஆ-ஆ?"

பல் டாக்டர்களுக்கு மெய்யெழுத்து தேவையில்லை. "களைப்பாவா? அவங்களா? அந்தச் சுவர் மேல உக்காந்து வயித்தைப் பிடிச்சுக்கிட்டு சிரிச்சாங்கம்மா. கண்ல தண்ணி. 'கொப்புளிங்க டாக்டர், கொப்புளிச்சுத் துப்புங்க'ன்னு சொல்லிச் சொல்லி சிரிச்சாங்க. எனக்குக் கோவம்கூட வந்தது. அந்த மாதிரி ஒரு சிரிப்பு நான் பார்த்ததில்லை."

அவர் கொஞ்ச நேரம் விளக்கை என் முகத்திலிருந்து திருப்பி வைத்தார். நல்ல மனிதர். பிறகு மறுபடி திருப்பினார்.

"சிரிச்சு முடிச்சுப் பார்த்தா அவங்க டேங்க்ல கொஞ்சந்தான் மீதி. 'எனக்கு வீடு வரைக்கும் போதும், நான் இப்படியே திரும்பிடறேன். இப்ப கடைசி ஆள் நீங்கதான், நீங்க வாலாப் போங்க. முனையில நூலகர் நிக்கிறார், ரெண்டு ஹாரன் அடிச்சு விட்டுடுங்க'ன்னு சட்டையைக் கழட்டிக் குடுத்தாங்க. போட்டுக்கிட்டேன். போனேன். முனை தெரிஞ்சுது. அவர் கையை நீட்டிக்கிட்டு நிமிர்ந்து நின்னுட்டிருந்தார். நான் போய் நின்னா முதல் கேள்வி என்ன கேப்பார்? 'தலைவர் எப்படி கடைசியா வர்றீங்க?' அதுக்கு என்னம்மா பதில் சொல்றது? பக்கத்துல ஒரு மண் ரோடு பிரிஞ்சுது."

நானே பஞ்சை எடுத்தேன். "திரும்பிட்டீங்க."

"திரும்பிட்டேன்."

"அம்மாவுக்குத் தெரியுமா?"

"அன்னைக்கு சாயங்காலமே போன் பண்ணிச் சொல்லிட்டேன். திட்டுவாங்கன்னு பார்த்தேன். 'சரி விடுங்க, நான் பார்த்துக்கறேன். என்னைக்காவது நீங்களே சொல்லாம இருக்க மாட்டீங்க, உங்க சங்கதி எனக்குத் தெரியாதா'ன்னாங்க."

இழுப்பறையைத் திறந்தார். இடுக்கிகளுக்கு அடியில், மடித்து, மஞ்சள் சட்டை இருந்தது.

"பல்லுல ஒண்ணும் இல்லம்மா" என்றார்.

"தெரியும்" என்றேன்.

அம்மா கணித்தது சரி. இந்த இனத்தாரிடம் நீங்கள் எந்த ரகசியத்தை வேண்டுமானாலும் ஒப்படைக்கலாம், அது ஒரு சவாரியில் நடந்திருக்கவில்லை என்றால். பேரணியில் நூலகர் ஏறி, நரி வரைக்கும் சொல்லி, கைதட்டல் வாங்கி இறங்கியதும், தலைவர், பட்டியலில் பெயர் இல்லாமலே மேடை ஏறினார். ஒலிவாங்கியைப் பிடித்தார். வலது மணிக்கட்டு முறுக்கிற்று.

சொன்னார். அதில் பெட்ரோல் தீர்ந்ததற்குக் காரணம் எதிர்க்காற்று. காற்றா அது? மரங்கள் சாய்ந்தன. சின்னப் பாலம் ஆற்றுப்பாலமாகி, கீழே வெள்ளம் ஓடியது. அவர் விழுங்கிய பெட்ரோல் ஒரு மடக்கிலிருந்து ஒரு சொம்பாயிற்று. ஆனால் கடைசியில் கை கீழே இறங்கியது. "வாலக்கா யாரையும் விட்டுட்டுப் போகலை. அவங்க தன் பெட்ரோலைக் குடுத்தாங்க, சட்டையைக் குடுத்தாங்க, என் மானத்தைக் காப்பாத்திட்டுப் பழியை எடுத்துக்கிட்டாங்க. விட்டுட்டுப் போனது நான்" என்றார். அந்த ஒரு வாக்கியம் மட்டும் அளவுக்கு ஒரு மில்லிமீட்டர் கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

மைதானமே எழுந்து நின்றது. கேடயம் அவருக்கு.

"நின்னவன் நான்! கேடயம் அவருக்கா?" என்று நூலகர் என்னிடம்தான் வந்தார். பாவம், ஒரே நாளில் கதையும் போயிற்று, கேடயமும் போயிற்று. கொஞ்சம் ஆறியதும் பக்கத்தில் உட்கார்ந்து, குரலை இறக்கி, "அம்மாவைப் பத்தி அப்படிப் பேசியிருக்கக் கூடாதும்மா" என்றார். பிறகு, தயங்கி, "ஆனா ஒண்ணு. முறைப்படி பார்த்தா என்னை இன்னும் யாரும் விடலையே" என்றார்.

வேடிக்கைக்குச் சொல்கிறாரா என்று பார்த்தேன். இல்லை. மனைவி வந்து அழைத்துப் போவது விடுதலை ஆகாது, விதியில் அப்படி இல்லை. அன்றிலிருந்து அவர் எந்தச் சவாரிக்கும் போகவில்லை. அம்மா வருகிறேன் என்று சொன்ன நாளுக்காக வண்டியைக்கூடத் துடைத்து வைத்திருந்தாராம்.

சரி. இவ்வளவு நேரம் சிரித்துக்கொண்டு, நம் அலுவலகத்து ஆள்தான், நம் மச்சான்தான், மேல்வீட்டுக்காரர்தான் என்று தலையாட்டிக்கொண்டிருந்த உங்களிடம் ஒரு வார்த்தை. பைக் இல்லை, எனக்கு ஏன் பயம் என்று நினைக்காதீர்கள். இந்த இனத்துக்கு வண்டி அவசியமில்லை. என்னையே பாருங்கள். ஒரே ஒரு சவாரி. அதில் நான் போகவே இல்லை. காற்றைக்கூட லிப்ட்டின் பிரேக் மாதிரி அளந்து சொல்கிறவள், முழங்கை உயரச் சுவரைப் பற்றி இவ்வளவு நேரம் சொல்லியிருக்கிறேன், நீங்களும் கேட்டிருக்கிறீர்கள். நடுவில் எங்காவது உங்களுக்குள், "இதென்ன, எங்களுக்கு ஒரு தடவை…" என்று ஒன்று கிளம்பியதா? மணிக்கட்டு லேசாக முறுக்கியதா? அப்படியானால் வாருங்கள். பேக்கரி மாடியில் நாற்காலிகள் காலியாக இருக்கின்றன. ஒரு கால் ஆடும். பிடித்துக்கொள்ள வேண்டும்.

மீதிச் சங்கிலியை நான் தனியாகத் துடைத்தேன். ஒரு கையால் சக்கரத்தைச் சுற்றிக்கொண்டு ஒரு கையால் துணியைப் பிடிப்பது சிரமம், ஆனால் முடிகிறது. டேங்க் நிரம்பியிருக்கிறது. ஓட்டப் பழகுகிறேன், வண்டியைத் தெருக்கோடி வரை ஓட்டிப் போகிறேன். திரும்பும்போது மட்டும் இறங்கித் தள்ளுகிறேன். அந்த முனையில் போய் ஹாரன் அடிக்க, அலமாரி ஓட்டிக்கொண்டு போகிறேன் என்கிறார், தலைவர் தானே போவதுதான் நியாயம் என்கிறார். நூலகர் இரண்டுக்கும் ஒப்பவில்லை, நான்தான் வரவேண்டுமாம். "அவசரம் இல்லம்மா. திரும்பி வரவேண்டியது லேட்டா வந்தாலும் வாங்கி வைக்கிறதுதான் எங்க வேலை" என்கிறார்.

மஞ்சள் சட்டை கதவுக்குப் பின்னால் தொங்குகிறது. பெட்ரோல் வாடை இன்னும் இருக்கிறது. துவைக்கவில்லை. இன்று காலை ஹாரனைச் சோதித்தேன். இரண்டு தடவையும் ஒழுங்காக அடித்தது.

முனைக்குத்தான் இன்னும் போகவில்லை.